ஃப்ரீ ஃபயர்

ஃப்ரீ ஃபயர், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட கைபேசி விளையாட்டு. ஐம்பது பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கிக்கொண்டு, கடைசியாக உயிரோடு மிஞ்சுபவர் யார் என்று மோதிப் பார்க்கும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் இது. குரல்வழிப் பேச்சு, நண்பர் பட்டியல், நால்வர் அணி, கில்டு எனப்படும் குழு, பரிசளிப்பு ஆகியவை இதனோடு பிணைந்திருந்ததால், இளைஞர்கள் கூடிப் பேசும் திண்ணையாகவும் புழங்கியது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 'எஃப்.எஃப்.' என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்திய அரசு 2022 பிப்ரவரி 14 அன்று இதைத் தடை செய்தது. இதன் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அந்தத் தடைப்பட்டியலில் இடம்பெறவில்லை.

முன்வரலாறு

கைபேசி விளையாட்டின் வரலாற்றை 1997இல் நோக்கியா 6110உடன் வந்த பாம்பு விளையாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே வேறு கைபேசிகளில் சிறு ஆட்டங்கள் இருந்தன என்பாரும் உண்டு. அந்தப் பாம்பையே இரண்டு கைபேசிகளை எதிரெதிரே நீட்டி, அகச்சிவப்புக் கதிர் வழியாக இருவர் சேர்ந்து ஆட முடிந்தது. நோக்கியா 2003இல் விளையாட்டுக்கென்றே என்-கேஜ் கைபேசியையும், ஆடுபவர்கள் சந்தித்துக்கொள்ள என்-கேஜ் அரீனா என்ற இணையக் கூடத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் நிலைக்கவில்லை.

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களுக்கு இணையம் விளையாட்டாக வரவில்லை, அறிவிப்பாக வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து ஊர்தோறும் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. கடலோர ஊர்களில், இணையத்திலிருந்து எடுத்த அலை உயர விவரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊரான நல்லவாட்டிலும் இத்தகைய நிலையம் இருந்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் வீட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை, அந்த ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் போனது. ஏறத்தாழ 3,600 பேர் உயிர் பிழைத்ததாகப் பல பதிவுகள் குறிக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இதே ஊர்ப் பிள்ளைகளின் கையில் வந்து சேர்ந்த விளையாட்டும் சிங்கப்பூரிலிருந்தே வந்தது என்பது தற்செயல்தான். ஆயினும் குறித்துவைக்கத் தக்கது.

2016 செப்டம்பர் 5இல் ஜியோ சேவை தொடங்கி, இணையத்தின் விலை சரிந்தது. மெகாபைட் கணக்கில் எண்ணிச் செலவழித்தவர்கள் நாளொன்றுக்கு ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி. என்று பேசத் தொடங்கினார்கள்.

தோற்றம்

கரீனா 2009இல் சிங்கப்பூரில் ஃபாரஸ்ட் லீ தொடங்கிய நிறுவனம். அதன் தாய் நிறுவனம் 2017இல் 'சீ' என்று பெயர் மாற்றிக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. ஃப்ரீ ஃபயரை உருவாக்கியது 111 டாட்ஸ் ஸ்டூடியோ. வெளியான நாள் பற்றி ஒத்த கருத்தில்லை. 2017 டிசம்பர் 4 என்று பல பதிவுகள் குறிக்கின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்னரே சோதனைப் பதிப்பு சில நாடுகளில் வெளிவந்துவிட்டது என்பர். நிறுவனமோ ஆண்டு விழாவை ஆகஸ்டில் கொண்டாடிவந்தது.

அடுத்த ஆண்டு வந்து பெயர் பெற்ற பப்ஜி மொபைலில் ஒரே ஆட்டத்தில் நூறு பேர் இறங்குவார்கள். ஆட்டம் அரை மணி நேரம்கூட நீளும். நல்ல கைபேசி வேண்டும். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடம், ஒரு ஜி.பி. நினைவகம் உள்ள கைபேசியே போதுமாயிருந்தது. காட்சிகள் பொம்மைப்படம் போல இருக்கின்றன என்று பப்ஜி ஆடியவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பொம்மைப்படம்தான் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க் கைபேசியில் சூடேறாமல் ஓடியது. பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா எனச் சிறிய கைபேசிகள் மிகுந்த நாடுகளில் இது வேரூன்றியதற்கு இதையே முதற்காரணமாகச் சொல்ல வேண்டும். ஆப் ஆனி நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் மிக அதிகமாகத் தரவிறக்கப்பட்ட கைபேசி விளையாட்டு இதுவே.

ஆட்டமுறை

பெர்முடா, பர்கட்டரி, கலஹாரி முதலியவை இதன் வரைபடங்கள். பாதுகாப்பு வட்டம் நேரம் போகப் போகச் சுருங்கும். வெளியே மாட்டிக்கொண்டவருக்கு உயிர்ப்புள்ளி குறையும். கடைசியாக மிஞ்சுபவருக்குத் திரையில் 'பூயா' என்று வரும். 'பூயா அடிச்சிட்டோம்' என்பது தமிழில் ஊன்றிவிட்ட வழக்கு.

ஆட்டத்தின் தனி அடையாளமாகக் குளூ வாலைச் சொல்ல வேண்டும். கையெறி குண்டு போல வீசினால் பனிக்கட்டி நிறத்தில் ஒரு சுவர் நொடியில் எழும்பும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவர் அதன் பின்னால் ஒளிந்து மருந்து போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்த தோழனை எழுப்பலாம். இடது பெருவிரல் ஓட, வலது பெருவிரல் சுட, ஆள்காட்டி விரல் நீண்டு வந்து குளூ வால் பொத்தானைத் தட்டும். உள்ளங்கையில் அடங்கும் திரையில் இவ்வளவும் நடக்க வேண்டும். இதற்காகவே பொத்தான்களை இடம் மாற்றி, பெரிதாக்கி, சிறிதாக்கி அமைத்துக்கொள்வார்கள். ஒருவர் கைபேசியை மற்றவர் வாங்கி ஆடினால் தடுமாறுவது இதனால்தான். வியர்த்த விரல் வழுக்காமல் இருக்க வலைத்துணியில் தைத்த விரலுறைகூடக் கைபேசிக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

ஆட்டத்தில் வரும் பாத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு திறன் உண்டு. பிரேசில் நாட்டு இசைக்கலைஞர் அலோக் 2019இல் பாத்திரமாகச் சேர்க்கப்பட்டார். அவரைத் தேர்ந்தவர் திறனை இயக்கினால் சுற்றியுள்ள தோழர்களுக்கும் உயிர்ப்புள்ளி ஏறும். 2020இல் இந்தி நடிகர் ஹ்ரித்திக் ரோஷனை ஒட்டி ஜெய் என்ற பாத்திரமும், ஆண்டு இறுதியில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவை ஒட்டி குரோனோவும் வந்தன.

கூடிப் பேசும் ஏற்பாடுகள்

நிறுவனத்தின் அறிக்கைகளிலும் அரசின் ஆணைகளிலும் ஃப்ரீ ஃபயர் ஒரு செயலி மட்டுமே. ஆடியவர்களுக்கு அது லாபியில் தொடங்கியது. லாபி என்பது ஆட்டம் தொடங்குமுன் அணியினர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் முகப்புத் திரை. நண்பர் பட்டியலில் பச்சைப் புள்ளி எரிகிறவரை அழைத்தால் அவருடைய உருவம் வந்து அருகில் நிற்கும். நால்வர் சேர்ந்தால் ஸ்குவாட். ஆட்டம் தொடங்காமல் அரை மணி நேரம் லாபியிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பதும் உண்டு. 'ஸ்டார்ட் குடுடா' என்று ஒருவர் கத்துவார். இன்னொருவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் புதிதாக வாங்கிய நடனத்தை ஆடிக் காட்டுவார். எமோட் என்ற இந்த நடன அசைவுகளுக்குப் பயன் ஒன்றும் இல்லை. விரும்பி வாங்கப்பட்டவையும் அவையே.

குரல்வழிப் பேச்சு அணிக்குள் மட்டும் கேட்கும். முன்பின் தெரியாத நால்வரை இயந்திரமே சேர்த்துவிடும் ஆட்டத்தில், முதல் அரை நிமிடம் மொழி தேடுவதிலேயே கழியும். 'ஹலோ, தமிழா?' என்று ஒருவர் கேட்பார். 'ஆமா ப்ரோ, எந்த ஊரு?' என்று பதில் வந்துவிட்டால் அந்த ஆட்டம் வேறாகிவிடும். கடலூரும் காரைக்காலும் கோலாலம்பூரும் இப்படித்தான் ஒரே ஸ்குவாட்டில் இறங்கின. ஆட்டம் முடிந்ததும் நண்பராகச் சேர்த்துக்கொள்ளும் பொத்தான் வரும். தெரிந்தவனுக்கு 'மச்சி', 'டா', தெரியாதவனுக்கு 'ப்ரோ', வயது கூடியவர் என்று குரலில் தெரிந்தால் 'அண்ணா'. ஆனால் ஆட்டத்தில் மூத்தவர் சொல்தான் செல்லும் என்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் கல்லூரி மாணவரை 'அண்ணா, நீங்க ரஷ் போவாதீங்க, பின்னாடி நில்லுங்க' என்று மரியாதையோடு அதட்டுவது இயல்பாக நடந்தது.

ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடும்போது குரல்பேச்சை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பேச்சு மற்ற மூன்று கைபேசிகளிலும் எதிரொலித்துக் காதைக் கிழிக்கும். கடலோர ஊர்களில் கரையேற்றிய ஃபைபர் படகின் நிழலும் வலை பின்னும் கொட்டகையும் இதற்கு வாகான இடங்கள். நெட் தீர்ந்தவனுக்கு இன்னொருவன் ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவான். ஒரே இணைப்பில் நால்வர் ஆடும்போது பிங் எனப்படும் இணையத் தாமத அளவு ஏறும். பச்சை எண் மஞ்சளாகி, சிவப்பாகி 999இல் நிற்கும். அந்த நேரத்தில் எதிரி நேரே வந்து நின்றாலும் நம் துப்பாக்கி சுடாது. தோல்விக்கு 'நெட்வொர்க்' என்று காரணம் சொல்வது பாதி உண்மையாகவும் பாதி மானம் காப்பதாகவும் இருந்தது.

கில்டு நிலையானது. அதற்குப் பெயர், தலைவர், துணைப் பொறுப்பாளர்கள், உள்ளே பேசிக்கொள்ளத் தனி அரட்டை எல்லாம் உண்டு. உறுப்பினர்கள் சேர்ந்து ஆடினால் கில்டுக்குப் புள்ளி சேரும். சேராதவர்களைத் தலைவர் நீக்கிவிடலாம். ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ ரசிகர் மன்றச் சாயலையோ கொண்ட கில்டுகள் தமிழ் வட்டாரத்தில் ஏராளம். கபடிக் குழுவும் கிரிக்கெட் அணியும் இருந்த ஊர்களில் கில்டும் அவற்றின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டது. பிரிந்துபோனவர்கள் போட்டிக் கில்டு தொடங்குவது உட்பட. கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தால் தனி அறை போட்டு ஒன்றுக்கு ஒன்று மோதிக்கொள்வார்கள்.

வைரக் கணக்கு

ஆடக் காசு வேண்டாம். அழகுக்கும் சில பாத்திரங்களுக்கும்தான் வைரம் எனப்படும் ஆட்டப் பணம் வேண்டும். தடைக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் 100 வைரம் 80 ரூபாய். அலோக் பாத்திரத்தின் விலை 599 வைரம். பெயரை ஒருமுறை மாற்ற 390. 'அலோக் இருக்கா?' என்ற கேள்வி ஒரு காலத்தில் ஆளை எடைபோடும் கேள்வியாக இருந்தது. வங்கிக் கணக்கில்லாத சிறுவர்கள் கைபேசிக் கடையில் பணம் கொடுத்து கூகுள் பிளே ரீடீம் குறியீடு வாங்கினார்கள். அல்லது அண்ணனின், அம்மாவின் கைபேசிப் பணச் செயலியைப் பயன்படுத்தினார்கள். பின்னதைக் கேட்டும் செய்தார்கள், கேட்காமலும் செய்தார்கள். வீட்டுக் கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் போய்விட்டது என்ற புகார்கள் நாளிதழ்களில் அடிக்கடி வந்தது இக்காலத்தில்தான்.

வைரத்தில் வாங்கியதை நண்பருக்குப் பரிசாக அனுப்பும் வசதியும் இருந்தது. பிறந்தநாளுக்கு ஒரு உடை, சண்டை தீர்க்க ஒரு எமோட் என்று இது பழக்கமானது. பழைய, அரிய உடைகள் சேர்ந்த கணக்குகளை முழுசாக விற்பதும் நடந்தது. 2018இல் வந்த முதல் எலைட் பாஸ் என்ற கட்டணப் பருவச்சீட்டில் கிடைத்த சகுரா உடை அவற்றுள் மதிப்பு மிக்கது. 'ஐடி விக்கிறேன்' என்று சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டு. கணக்கு விற்பனையை நிறுவனம் அனுமதிக்கவில்லை.

பரவிய காலம்

2020 மார்ச்சில் கொரோனாப் பொதுமுடக்கம் வந்து பள்ளிகள் மூடின. பாடம் கைபேசிக்கு வந்ததால், கைபேசியே இல்லாதிருந்த வீடுகளிலும் பிள்ளைகளுக்கென்று ஒன்று வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 2இல் பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. கல்வான் பள்ளத்தாக்கு மோதலுக்குப் பிறகு சீனத் தொடர்புள்ள செயலிகள்மீது எடுத்த தொடர் நடவடிக்கையில் அது ஒன்று. பப்ஜி ஆடியவர்களில் பெரும்பகுதியினர் ஃப்ரீ ஃபயருக்கு வந்தார்கள். இவ்விரண்டில் எது கூட்டத்தைப் பெருக்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிராமப்புறத்தைப் பொறுத்தவரை பள்ளிமூடலையே முதலில் வைப்பது பொருத்தமாகப் படுகிறது. பப்ஜி ஓடும் கைபேசி அங்கே பலரிடம் இருந்ததே இல்லை.

2021 ஆகஸ்டில் ஒரே நாளில் உலகெங்கும் 15 கோடிப் பேர் ஆடியதாக நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தியாவில் வருவாயில் முதலிடம் பிடித்த கைபேசி விளையாட்டும் இதுவே என்று அதன் அறிக்கைகள் கூறின. 2021 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த உலகத் தொடரைத் தாய்லாந்தின் ஃபீனிக்ஸ் ஃபோர்ஸ் அணி வென்றது. உச்ச நேரத்தில் 54 இலட்சம் பேர் ஒருசேரப் பார்த்தனர். கொரோனாப் பயணக் கட்டுப்பாடுகளால் இந்திய அணிகள் அதில் கலந்துகொள்ளவில்லை.

யூடியூபில் ஆடிக்காட்டிப் பேசும் தமிழ் அலைவரிசைகளும் இக்காலத்தில் வளர்ந்தன. கேமிங் தமிழன், பி.வி.எஸ். கேமிங் முதலியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. 'நண்பா' என்று விளித்துத் தொடங்கும் நடையும், ஆட்டச் சொற்களைத் தமிழ் வினையோடு ஒட்டவைத்த 'நாக் பண்ணிட்டான்', 'ரிவைவ் குடு', 'கவர் அடி' போன்ற பேச்சும் இவற்றின் வழியே ஒரே வடிவம் பெற்றன என்று கருதலாம்.

தடை

2022 ஜனவரியில், பப்ஜியின் உரிமையாளரான தென்கொரியாவின் கிராஃப்டன், தன் ஆட்டத்தைக் கரீனா நகலெடுத்துவிட்டதாக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஃப்ரீ ஃபயர் இந்தியாவின் செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனபோது, பலர் இந்த வழக்கே காரணம் என்று எண்ணினர். பிப்ரவரி 14இல் உண்மை வெளிவந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 54 செயலிகள் தடை செய்யப்பட்டன; அவற்றுள் இதுவும் ஒன்று. அன்று ஒரே நாளில் சீ நிறுவனப் பங்கு 18 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து, ஏறத்தாழ 1,600 கோடி டாலர் மதிப்பை இழந்தது. சிங்கப்பூர் நிறுவனத்தை ஏன் சீனச் செயலிகளோடு சேர்த்தார்கள் என்பது விவாதத்துக்குரியது. சீனாவின் டென்சென்ட் அதில் கணிசமான பங்கு வைத்திருந்ததைச் சிலர் காட்டுகின்றனர். தகவல்கள் சீனாவுக்குப் போவதாக அரசுத் தரப்பு கருதியதாகவும், நிறுவனம் அதை மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. சிங்கப்பூர் அரசு இந்தியாவிடம் விளக்கம் கேட்டதாகவும் செய்தி நிறுவனங்கள் எழுதின.

தடையால் கில்டுகள் கலைந்தனவா என்றால், முழுமையாக இல்லை. 2021 செப்டம்பர் 28இல் வெளியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், அதே கணக்கு, அதே நண்பர் பட்டியலோடு இயங்கியது; ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு ஆட முடியும் என்பது தொடக்கம் முதலே அதன் அமைப்பு. தடையாணையில் மேக்ஸின் பெயர் இல்லாததால் பலர் ஓரிரு நாளில் அங்கே குடியேறினார்கள். ஆனால் மேக்ஸுக்குக் கூடுதல் நினைவகம் வேண்டும். ஒரு ஜி.பி. கைபேசிக்காரர்கள் பின்தங்கினார்கள். பழைய செயலியைக் கைபேசிக்குக் கைபேசி பகிர்ந்து, வி.பி.என். போட்டு ஆடியவர்களும் இருந்தார்கள். 2022இல் ஒரு ஆட்கொணர்வு மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தடை செய்த விளையாட்டு இளைஞர்களுக்கு இன்னும் எப்படிக் கிடைக்கிறது என்று கேள்வி எழுப்பியது.

இந்தியப் பதிப்பு

2023 ஆகஸ்ட் 31இல் 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' என்ற தனிப் பதிப்பைச் செப்டம்பர் 5இல் வெளியிடப் போவதாகக் கரீனா அறிவித்தது. இந்தியப் பயனர்களின் தகவல்களை இந்தியாவிலேயே வைக்க யோட்டா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. விளம்பரத் தூதர் மகேந்திர சிங் தோனி; அவரை ஒட்டிய பாத்திரத்துக்கு வைத்த பெயர் 'தல'. சேப்பாக்கம் மைதானத்தில் ஒலித்த விளிப்பெயர் சிங்கப்பூர் விளையாட்டொன்றில் ஆள்பெயரானது தமிழ் ஆட்டக்காரர்களிடையே பெரும் குதூகலத்தைக் கிளப்பியது. வெளியீடு கடைசி நேரத்தில் சில வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது. அறிவித்த காலத்தில் வரவில்லை. மேக்ஸ் தொடர்ந்து புழக்கத்தில் உள்ளது.

சட்டநிலை

ஃப்ரீ ஃபயர் பணம் வைத்து ஆடும் ஆட்டமன்று. ஆயினும் பொதுப்பேச்சில் இணைய ரம்மியோடு சேர்த்தே பேசப்படுகிறது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்தாடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை விதித்த விதிகள் 2025இல் வந்தன. இவை புதுச்சேரிக்குப் பொருந்தா. கடலூரிலிருந்து முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வந்தால் வேறு ஆட்சிப்பகுதி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டு மேம்பாடு, ஒழுங்குமுறைச் சட்டம் பணம் வைத்தாடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுத்து, மின்விளையாட்டுகளுக்கும் சமூக விளையாட்டுகளுக்கும் தனி ஏற்பு வழங்குகிறது. ஃப்ரீ ஃபயர் வகை ஆட்டங்கள் ஏற்பு பெற்ற இந்தப் பிரிவில் அடங்கும் என்பது பொதுவான கருத்து.